யாருக்கும் வேண்டாத சந்து

அன்பு மகள் பெரியவளுக்கு,

அப்பாவுக்கும் எனக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை, கடையும் அதன் பாட்டுக்கு ஓடுகிறது, நீயும் அங்கே வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். அப்பா கண்ணாடி மாற்றியிருக்கிறார். இப்போது கல்லாவில் உட்கார்ந்தபடியே எதிர்க்கடை போர்டில் எழுத்துப்பிழை கண்டுபிடித்துச் சொல்கிறார், அந்தக் கடைக்காரர் போர்டைத் திருப்பி வைத்துவிடுவாரோ என்று எனக்குப் பயம். உன் குடியிருப்பில் வண்டி நிறுத்துகிற இடத்தில் பூனை செத்துக் கிடந்ததையும், வீட்டுக்காரர் எடுப்பதா, வாடகைக்கு இருப்பவர்கள் எடுப்பதா என்று இரண்டு நாளாகப் பேசிக்கொண்டே இருந்ததையும் எழுதியிருந்தாய். பேசுகிற நேரத்தில் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சாக்கில் போட்டுக் கட்டி, குப்பை வண்டிக்காரரிடம் சொல்லிக் கொடுத்திருக்கலாம். இதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை என்று நீ கேட்கலாம், ஏனென்றால் இங்கேயும் அதே கூத்துதான் நடந்தது. போனில் சொன்னால் நடுநடுவே சிரித்துக் கெடுத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

நம் கடைக்கும் சித்தப்பாவின் பெயிண்ட் கடைக்கும் நடுவில் இருக்கிற சந்து விஷயம் உனக்குத் தெரியும். இரண்டு பத்திரத்திலும் அது தெளிவாக இல்லை. நான் என் பைப்பையும் தண்ணீர்த் தொட்டியையும் அடுக்குவேன், அவர் காலி டின்னை அடுக்குவார், என் இடம் உன் இடம் என்று ஆரம்பித்து, கடைசியில் நாலு வருஷமாக அண்ணன் தம்பி இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அப்பா என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஆனால் தினமும் நம் ஷட்டரை இறக்கிவிட்டு, பக்கத்து ஷட்டர் இறங்குகிற சத்தம் கேட்கும்வரை பூட்டோடு நின்றுகொண்டிருப்பார். நானும் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன், சந்தை விட்டுக்கொடுக்க மனசில்லை, அவ்வளவுதான்.

போன மாதம் ஒரு நாள் காலையில் கடை திறந்தால் சந்துக்குள் மேனேஜர் செத்துக் கிடக்கிறது. மேனேஜர் என்றால் அந்தக் கிழட்டுக் கழுதை, யாரோ வேலை வாங்கிவிட்டு விட்டுப்போனது. எல்லாரும் வேலைக்கு வந்துவிட்டார்களா என்று பார்க்கிற மாதிரி தினமும் ஒவ்வொரு கடை வாசலிலும் தலையை நீட்டிவிட்டுப் போகும், அதனால் அந்தப் பெயர். உயிரோடு இருந்தவரை கடைவீதி முழுக்க எங்க மேனேஜர் எங்க மேனேஜர் என்றார்கள். அன்றைக்குக் காலையில் ஒருவரும் அதை முன்னேபின்னே பார்த்ததில்லை. நகராட்சிக்குப் போன் போட்டேன். ரோட்டில் கிடந்தால் அவர்களே எடுப்பார்களாம், தனியார் இடமென்றால் இடத்துக்காரர் கட்டணம் கட்டி, தூக்க ஆளும் வைக்க வேண்டுமாம். இதைச் சித்தப்பாவும் விசாரித்து வைத்திருக்கிறார்.

சுகாதார இன்ஸ்பெக்டர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து இடம் யாருது என்று கேட்டதுதான் தாமதம், சித்தப்பா முந்திக்கொண்டு, "அண்ணியோடதுங்க, பாருங்க, பைப்பெல்லாம் அவங்களுதுதான்" என்றார். எனக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ, "டின்னு யாரோடதாம்? தம்பி இடம்தான் சார், நாலு வருஷமா அவரே அப்படித்தான் சொல்றாரு" என்றேன். கூடியிருந்தவர்கள் சிரிக்கிறார்கள். இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, உங்களுது இல்லையே என்று நிதானமாகக் கேட்டார், இல்லை என்றேன். சித்தப்பாவைக் கேட்டார், இல்லவே இல்லை என்றார். "சரி, ரெண்டு பேரும் வேணாங்கறீங்க. அப்ப இது பொதுப் பாதை. கழுதைய நாங்க எடுத்துக்கறோம், உங்க சாமானைச் சாயங்காலத்துக்குள்ள நீங்க எடுத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு லாரிக்கு ஆள் அனுப்பினார். மூட்டைக் கணக்கில் பேரம் பேசுகிறவள் நான், ஒரு கழுதையைத் தூக்குகிற கூலிக்கு அஞ்சி ஒரு சந்தையே தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றேன். எதிரே சித்தப்பாவின் முகமும் அப்படித்தான் இருந்தது.

லாரி போய், பிளீச்சிங் பவுடர் தூவி முடித்ததும் சாமானை எடுக்கப் போனால் என் பைப்பு அவர் டின்னுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது, அவர் டின்னை எடுக்க என் தொட்டி வழிவிடவில்லை. ஆள் அனுப்பலாம் என்று நான் யோசிப்பதற்குள் அப்பா கல்லாவை விட்டு எழுந்துபோய் ஒரு நீளப் பைப்பின் இந்த முனையைத் தூக்கினார். யாரையும் கூப்பிடவில்லை, தூக்கிக்கொண்டு சும்மா நின்றார். அந்த முனையை வந்து எடுத்தது சித்தப்பா. "மெதுவாண்ணே, திரும்பறப்ப செவுத்துல இடிக்கும்" என்றார். அப்பா, "தெரியுதுடா" என்றார். நாலு வருஷத்துக்குப் பிறகு பேசின பேச்சு அவ்வளவுதான், ஆனால் அதற்கப்புறம் இருட்டும்வரை இரண்டு பேரும் வாய் மூடவில்லை. பவுடர் நெடி தாங்கவில்லை என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய்விட்டேன். இப்போது என் தொட்டிகள் சித்தப்பாவின் மொட்டை மாடியில், அவர் டின்கள் நம் பின்கட்டில்.

சந்து திறந்ததில் பின்தெரு ஜனம் முழுக்க இந்த வழியாகத்தான் கடைவீதிக்கு வருகிறது. பக்கச் சுவரை உடைத்து ஒரு கதவு வைத்துவிட்டேன், சித்தப்பாவும் வைத்தார், ஒரே கொத்தனார் என்பதால் கூலியைக் குறைத்துப் பேசினேன். வியாபாரம் கூடியிருக்கிறது, அதற்காகத்தான் சமாதானம் ஆனேன் என்று நீ கேலி செய்தால் பாதி உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி உன் அப்பா. இப்போதெல்லாம் ஷட்டரை இறக்கியதும் பூட்டை என் கையில் கொடுத்துவிட்டுச் சந்துக்குள் போய்விடுகிறார். நான்தான் பூட்ட வேண்டியிருக்கிறது.

லீவுக்கு டிக்கெட் போட்டதும் தேதி சொல். போன தடவை பல் டாக்டரிடம் போகிறேன் என்று சொல்லிவிட்டு மூன்று நாள் நீ சித்தப்பா வீட்டில் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியும், உன் பல்லில் ஒரு கோளாறும் இல்லை. இந்தத் தடவை சொல்லிவிட்டே போ, ராத்திரி அங்கேயே தங்கினாலும் சரி. சாப்பாடு மட்டும் இங்கே.

நோய்நொடி இல்லாமல், நினைத்தது கைகூடி நீ நன்றாக இருக்க வேண்டும். மழைக் காலத்தில் செருப்பை நனைய விடாதே, போன வருஷம் மாதிரி கால் விரலில் புண் வரும். அப்பா ஆசீர்வாதம் சொல்லச் சொன்னார், கூடவே உன் போன கடிதத்தில் மூன்று எழுத்துப்பிழை என்றும் சொல்லச் சொன்னார்.

உன் அம்மா