பத்து விரலுக்கு ஒரு சொல்

நேற்று உன் மகள் உன் இரும்புப் பெட்டியைத் திறந்தாள். சுவெட்டர், சால்வை, கல்யாணப் பட்டு, எல்லாவற்றையும் பூச்சி அரித்துச் சல்லடையாக்கியிருந்தது. அடிப்பாவி, இந்தக் குளிர் மலையில் ஒரு பாச்சை உருண்டைகூடப் போடாமலா வைத்திருந்தாய்?

"அம்மா அத வீட்டுக்குள்ளயே விடமாட்டாங்க சின்னம்மா" என்றாள். காரணம் அவளுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

எண்பதுகளின் தொடக்கம் அது. பிரிஞ்சாங் ஊருக்கு மேலே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயத்தில் அடுத்தடுத்த வீடு நமக்கு. கொழுந்து பறிப்பதும் ஒன்றாகத்தான். என் மகன் பிறந்த வாரம், உன் பிள்ளை போட்ட கம்பளிச் சட்டையைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்து நீயே போட்டுவிட்டாய். "குளுருல புள்ள வெறச்சிரும் லா" என்றாய். வீடெல்லாம் பாச்சை உருண்டை வாசம். மறுநாள் பிள்ளை மஞ்சளாகிவிட்டான். மூத்திரம் தேயிலைச் சாயமாய்ப் போனது. ஐயோ, அதைப் பார்த்த என் கண்!

தோட்டத்து லோரியில் மலையிறங்கி ஓடினோம். பிள்ளைக்கு ரத்தம் ஏற்றிய டாக்டர் அந்தச் சட்டையை முகர்ந்து பார்த்தார். பிறவியிலேயே ரத்தத்தில் ஒரு குறை, பாச்சை உருண்டை ஆகாது, சில மருந்தும் ஆகாது, கொடுத்தால் உயிருக்கே ஆபத்து என்றார். குறையின் பெயரையும் இங்கிலீஷில் சொன்னார். நான் தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். நீ அழவில்லை. பேயறைந்தவள் போல நின்றாய்.

"மெதுவா சொல்லுங்க டாக்டர்."

அவர் சொல்லச் சொல்ல விரலை மடக்கினாய். குளு, கோஸ், சிக்ஸ், பாஸ், பேட். ஒரு கை முடிந்தது. டி, ஹை, ட்ரோ, ஜி, னேஸ். மறு கையும் முடிந்தது.

பிறகு மலையில் கொழுந்து பறிக்கும்போதும் உன் வாயில் அந்தப் பெயர்தான். "என்னா புள்ள, மந்திரமா?" என்று கங்காணி கேலி செய்தார். உன்மேல் தப்பில்லையடி என்று நானும் சொல்லிச் சொல்லி ஓய்ந்தேன். நீ காதிலேயே வாங்கவில்லை.

மகனுக்கு மூன்று வயதில் கடும் காய்ச்சல். தோட்டத்து டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஊருக்குப் புதியவர். மாத்திரையை நீட்டியபடி, "ஆகாத மருந்து ஏதாச்சும் இருக்கா?" என்றார். எனக்கு நாக்கு எழவில்லை. நீ முன்னால் வந்து ஒவ்வொன்றாகச் சொல்லி விரலை மடக்கினாய். பத்தும் மடங்கியபோது அவர் கை அப்படியே நின்றுவிட்டது. மாத்திரையைத் திரும்பப் போத்தலில் போட்டார்.

"புள்ளையோட அம்மா யாரு?" என்று கேட்டார்.

அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. "இவதான்" என்று உன்னைக் காட்டினேன். அத்தனை வருஷமாக அழாதவள், அங்கேயே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதாய்.

அன்று சொன்ன பதிலை நான் இன்றுவரை மாற்றவில்லை. நேற்று உனக்குக் கொள்ளி வைத்ததும் அவன்தான்.