பூஜ்யத்துக்கு மேலே ஒன்றரை

கணவாய் வானிலை நிலையம்
அக்டோபர் 9

அக்காவுக்கு,

நலம் விசாரிக்கவெல்லாம் பொறுமை இல்லை. நீ நன்றாக இருப்பாய் என்று வைத்துக்கொள்கிறேன். விஷயம் இதுதான்: பருவம் மாறுகிறது! என் கண்ணெதிரே!

நேற்று இரண்டரை மணி வரை தெற்குக் காற்று. திடீரென்று நின்றது. காற்றுத்திசை காட்டி நான்கு நிமிடம் திக்குத் தெரியாமல் ஆடிவிட்டுப் படக்கென்று வடக்கே திரும்பி அப்படியே நின்றுவிட்டது. நான் கைதட்டினேன். பார்க்க ஆள் இல்லாததால் மானம் தப்பியது. எதிர்மலையில் பனி எதுவரை இறங்கியிருக்கிறது என்று தினமும் ஜன்னல் கண்ணாடியில் ஒரு கோடு போடுகிறேன். ஒன்பது நாளில் ஒரு சாண் இறங்கிவிட்டது. கீழே உங்கள் ஊர் தெரிவதே இல்லை, முழுக்க மேகம்.

வேலையும் சுலபமாகிவிட்டது. வெப்பமானிப் பெட்டி மேட்டின் மேல் இருந்தது. ஒவ்வொரு அளவுக்கும் இந்தக் காற்றில் ஐம்பதடி ஏறவேண்டும். முப்பதாம் தேதி அதைப் பெயர்த்துக்கொண்டு வந்து அறைச் சுவருக்குப் பக்கத்தில் நட்டுவிட்டேன். இப்போது வெளியே போனோமா, பார்த்தோமா, வந்தோமா!

உன் வீட்டுக்காரர்தான் சரியில்லை. காலை ஆறு மணி அளவு பூஜ்யத்துக்குக் கீழே போனால் நான் கணவாய்ச் சாலையின் கேட்டைப் பூட்டவேண்டும், மேலே இருந்தால் அவர் ஓட்டும் பஸ் கணவாயைத் தாண்டி அந்தப் பக்கம் இறங்கலாம். இதுதான் விதி. ஆறாம் தேதி ஒன்றரை டிகிரி இருந்தது, திறந்தேன். மாமா திரும்பி வந்ததும், "மச்சான், ரோட்டுல கண்ணுக்குத் தெரியாம ஐஸ் கட்டியிருக்கு, வண்டி வழுக்குது" என்றார். "ஐஸ் இல்ல மாமா, உங்க டயர் மொட்டை" என்றேன். பஸ் முழுக்கச் சிரித்தது. அன்றிலிருந்து தபால் பையை வாசலில் எறிந்துவிட்டுப் போகிறார். பேச்சு மூச்சு இல்லை. நீயாவது சொல்லக்கூடாதா?

தம்பி


அக்டோபர் 14

டேய் பாதரசம்,

உன் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்கே மூச்சு வாங்கியது.

பத்துப் பேர் முன்னால் டயர் மொட்டை என்றால் எந்த டிரைவர் பேசுவார்? டயர் போன மாதம் மாற்றியது. ரசீதை வேண்டுமானால் அனுப்புகிறேன். அவர் வீட்டில் உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் நேற்றுச் சாப்பிடும்போது, "அந்த முதல் வளைவுல ரெண்டு தடவை பின்பக்கம் இழுத்துடுச்சு" என்று மட்டும் சொன்னார். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனார்.

ஒன்று கேட்கிறேன், கோபப்படாதே. எங்கள் குஞ்சு பொரிப்பகத்தில் போன வருடம் ஒரு பெண் வெப்பமானியை ஹீட்டர் பக்கம் மாட்டிவிட்டாள். அளவு அழகாக இருந்தது. எண்ணூறு முட்டையும் குளிரில் போயிற்று. நீ பெட்டி வைத்த சுவருக்கு உள்பக்கம் என்ன இருக்கிறது?

அக்கா


அக்டோபர் 17

அக்காவுக்கு,

முட்டைக்கும் மலைக்கும் முடிச்சுப் போடாதே. நான் இதைப் படித்துப் பட்டம் வாங்கியவன். பெட்டியை மாற்றியதும் இரண்டு இடத்திலும் அளந்து பார்த்தேன், அச்சாக ஒரே அளவு. எப்போது என்றால், நண்பகல். நல்ல காற்று. உள்பக்கம் இருப்பது என் அடுப்பு. அதைச் சாயங்காலம்தான் மூட்டுவேன், விடியும்வரை எரியும்.

எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்கே பிடிக்கவில்லை. இருந்தாலும் அனுப்புகிறேன். நாளைக் காலை பார்த்துவிடுகிறேன்.

தம்பி


அக்டோபர் 18, காலை எட்டே முக்கால்

அக்கா,

அவசரமாக எழுதுகிறேன், மாமா இங்கேதான் இருக்கிறார்.

விடியும் முன்பே உபரி வெப்பமானியோடு மேட்டுக்கு ஏறினேன். ஆறு மணிக்குப் பெட்டியில் பூஜ்யத்துக்கு மேலே ஒன்றரை. மேட்டில் பூஜ்யத்துக்குக் கீழே ஒன்று. மூன்று தடவை பார்த்தேன். நாலாவது தடவை பார்க்கத் தைரியம் வரவில்லை.

ரேடியோவில் சாலை அலுவலகத்தைக் கூப்பிட்டேன். "எத்தனை நாளா?" என்றார் அதிகாரி. "பதினெட்டு நாளா சார். நடக்கச் சோம்பல்பட்டு பெட்டிய நகர்த்திட்டேன்." முதலில் கேட்டைப் பூட்டச் சொன்னார். "எழுத்துல குடு. திங்கக்கிழமை முடிவு பண்றோம்." வேலை இருக்குமா என்று தெரியாது. கேட்டைப் பூட்டிவிட்டு வந்து பெட்டியைப் பிடுங்கினேன்.

மாமா வந்ததும் பஸ் படியில் ஏறி எல்லார் முன்னாலும் சொன்னேன்: "டயர் நல்ல டயர். தப்பு என்னோடது. ரோட்ல ஐஸ் இருக்கு." பின் சீட்டில் ஒருவர் எழுந்து, "ஏன்யா, எங்க உசுரு உனக்கு விளையாட்டா?" என்று பிடித்துக்கொண்டார். அவர் திட்டி முடிக்கும்வரை படியிலேயே நின்றேன்.

மாமா இறங்கினார். "வா, நடந்து பாப்போம்."

முதல் வளைவுவரை போனோம். சாலை வெறும் ஈரம் போலத்தான் தெரிந்தது. ஒரு காலை வைத்தேன், மல்லாந்து விழுந்தேன். எழுந்திருக்கப் பார்த்து மறுபடி விழுந்தேன். மாமா என் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். அந்த இடத்திலிருந்து விளிம்பு ஆறடி, அக்கா. அதற்குக் கீழே மேகம் மட்டும்தான். இதன் மேல் இத்தனை நாள் அவரை ஓட்ட வைத்திருக்கிறேன்.

"நீங்களே வண்டிய நிறுத்தியிருக்கலாமே மாமா?"

"நிறுத்தினேன்னு வை, டிரைவர் பயந்துட்டான்னு எழுதுவாங்க. அளவு சரியா இருக்கேடா! உன் கையெழுத்து வேற."

திரும்பும்போதே ஆரம்பித்துவிட்டது! முதலில் உப்புத்தூள் போல, பிறகு பஞ்சுபஞ்சாக, இப்போது எதிர்மலையே தெரியவில்லை! பருவத்தின் முதல் பனி. எட்டு இருபத்தொன்று, வடமேற்குக் காற்று. என்னைத் திட்டியவர்கூட இறங்கி வந்து கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். சந்தோஷப்பட எனக்கு யோக்கியதை இல்லை, ஆனாலும் தாங்க முடியவில்லை.

பஸ் வந்த வழியே உங்கள் ஊருக்குத் திரும்புகிறது, இந்தக் கடிதமும் அதில்தான். மாமா தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு என் தோளுக்கு மேல் எட்டிப் படிக்கிறார். கோபம் இல்லை என்று எழுதச் சொல்கிறார். எழுதிவிட்டேன். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

இப்போது, "ஆறு மணிக்குத் தினமும் மேட்டுக்கு ஏறுவியா?" என்று கேட்கிறார். ஏறுவேன் என்றேன். அதையும் எழுதி, கீழே கையெழுத்துப் போடு என்கிறார்.

ஏறுவேன்.

தம்பி