படிக்கட்டில் அட்டைப்பெட்டிகள்

அன்புள்ள பட்டறைக்காரிக்கு,

நீ கேட்ட சம்பள உயர்வு கிடைத்துவிட்டது. இன்று காலை உங்கள் மேலாளரே கூப்பிட்டுச் சொன்னார். ராஜினாமாவை நீ வாபஸ் வாங்கினால் போதுமாம். ஃபோனில் சொன்னால் பாதியிலேயே பாய்வாய், அதனால் எழுதுகிறேன்.

"பிடிச்ச வேலைக்கு எதுக்கும்மா கூடச் சம்பளம்?" என்று, நீ உயர்வு கேட்ட அன்று சொன்ன அதே மனிதர்தான். "பிடிச்ச புருஷனுக்கும் சோறு போடணுமே சார்" என்ற உன் பதிலைப் பட்டறையில் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

மதியம் உன் சாமான்களை எடுக்க அங்கே போயிருந்தேன். முடிக்கும் ஒவ்வொரு செயற்கைக்காலுக்கும் இப்போது ஊக்கத்தொகை உண்டு. உன் பக்கத்து மேசை சோடாபுட்டி சொன்னான்: "அக்கா போனப்புறம் ரெண்டு மடங்கு கால் வெளிய போகுது மாமா. அதுல பாதி திரும்பியும் வருது."

புதுச் செயற்கைக்காலை மாட்டியவரைப் பின்பக்கப் படிக்கட்டில் ஏறி இறங்கச் சொல்லிவிட்டு, முகம் சுளிக்கிறாரா என்று கீழே நின்று பார்ப்பாயே, அந்தப் படிகளில் அட்டைப்பெட்டிகளை அடுக்கிவிட்டார்கள். அந்த நேரத்தில் இன்னொரு காலை முடித்துவிடலாமாம். சோடாபுட்டியைக் குறை சொல்லமாட்டேன். ஊக்கத்தொகையில் மகளுக்கு சைக்கிள் வாங்கியிருக்கிறான், படம் காட்டினான். பிறகு அவனாகவே, "முன்னல்லாம் ஒருத்தர் நடந்து போனா வாசல் வரைக்கும் போய்ப் பார்ப்பேன். இப்ப தலையத் தூக்குறதே இல்ல" என்றான்.

நீ திரும்பி வந்தால் படிக்கட்டுக்கு நேரம் தருவார்களா என்று மேலாளரிடம் கேட்டேன். "முதல்ல வரச் சொல்லுங்க சார், பெட்டிய ஒரு மணி நேரத்துல எடுத்துடலாம்" என்றார். நான் கேட்டது பெட்டியைப் பற்றி அல்ல, நேரத்தைப் பற்றி என்றேன். எல்லோருக்கும் ஒரே விதிதான், முதலாளியிடம் பேசிப் பார்க்கிறேன் என்றார்.

வீட்டுக்காரர் வாடகையை ஏற்றப்போகிறார். உன் சம்பளம் நமக்குத் தேவை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் வேலை முடிந்து வந்ததும், அன்று முதல்முறை நடந்தவர் எப்படி நடந்தார் என்று சமையலறையில் நடந்து காட்டுவாயே. இங்கே இப்போது அந்தக் கூத்தும் இல்லை.

அங்கே உன் அக்காவையும் அவள் குழந்தையையும் விசாரித்ததாகச் சொல்.

முதலாளி வியாழக்கிழமை வருகிறார். படிக்கட்டு விஷயம் அன்று தெரியும். உன் முடிவை வெள்ளிக்கிழமை கேட்பார்கள். நான் யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. உன் அளவுநாடா, அரம், தேநீர்க் குவளை எல்லாம் வீட்டுக்கு வந்துவிட்டன. ஏப்ரனை மட்டும் கொக்கியிலேயே விட்டு வந்தேன். எடுத்துவரவா, அங்கேயே இருக்கட்டுமா என்று நீ சொல்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்
சோற்றுக்குக் காத்திருக்கும் புருஷன்