அடைப்பு விலை

பட்டாபிராம்
3.1.2025

அன்புள்ள ஹேமாவுக்கு,

தாட்சாயிணி அக்கா எழுதுவது. நீ மூன்று நாளாக போன் செய்வதைப் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா பார்த்துச் சொன்னாள். எடுத்து என்ன பிரயோஜனம்? காதில் மெஷினை மாட்டிக்கொண்டு போனை வைத்தால் கொய்யென்று ஒரே இரைச்சல். நீ சேலத்தில் கத்துவது உன் தெரு முழுக்கக் கேட்டிருக்கும், எனக்குத்தான் கேட்காது. எதிரே நின்று பேசினால் வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். நீதான் எதிரே வருவதில்லையே. அதனால் கடிதமே எழுது. உன் கோழிக் கிளறல் எனக்குப் பழகிப்போனதுதான்.

ஒரு சேதி. வீட்டை விற்கப் போகிறேன். நீ மாடியைக் காலி செய்த பிறகு வந்த குடித்தனம் ஒன்றும் உருப்படியாக இல்லை. இவ்வளவு பெரிய வீட்டில் நானும் பல்லிகளும்தான். சந்தோஷ் ஓசூரிலிருந்து வந்து, விற்றுப் பாகம் போட்டுவிடலாம் என்றான். அவனுக்கும் மகள் ரோஷினிக்கும் கொடுத்தது போக என் பங்கில் அண்ணனூர் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருக்கிறேன். கீழ்த்தளம், படி ஏற வேண்டாம். சமையலறை ஜன்னலில் ரயில் போவது தெரியும். கேட்காது, தெரியும். அது போதும்.

அதற்கு வீடு எண்பத்தைந்து லட்சத்துக்குப் போனால்தான் சரியாக இருக்கும். குறைந்தால் ஃபிளாட் இல்லை. சந்தோஷ் வீட்டு ஹாலில் சோபாவை இழுத்துப் போட்டுக்கொண்டு படுக்க வேண்டியதுதான். அவன் நல்லவன்தான். ஆனால் மகன் வீட்டில் பகலில் காலை நீட்டிப் படுக்க எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

புரோக்கர் ஏகாம்பரம் ஆட்களைக் கூட்டி வருகிறான். “ம்மா, நீ ஒண்ணியும் பேசாத, சொம்மா குந்திக்கினு இரு, அல்லாத்தையும் நான் பாத்துக்குறேன்” என்று எனக்கே உத்தரவு. வருகிறவர்கள் பெண் பார்க்க வந்த மாதிரிதான். ஒருவருக்குச் சமையலறை மூலை சரியில்லை, ஒருவருக்குக் கிணறு பிடிக்கவில்லை. என் வீட்டுக்காரர், அந்த மனுஷன், பார்த்துப் பார்த்துக் கட்டினது, இவர்கள் வாயில் படாத பாடு படுகிறது.

உன் பிள்ளை ரோஹித்துக்கு அம்பத்தூரில் வேலை என்றாய். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. சைக்கிள் விட்டு என் செம்பருத்தியை முறித்தது மறந்துவிட்டதா என்று கேள்.

உன் அக்கா,
தாட்சாயிணி


சேலம்
21.1.2025

என் மதிப்புக்குரிய அன்பு அக்காவுக்கு,

ஹேமா வணக்கத்துடன் எழுதுகிறேன். பொங்கலுக்கு ரோஹித்தும் மோகனப்பிரியாவும் வந்திருந்தார்கள். உங்கள் கடிதத்தை அவர்களுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். செம்பருத்தியைச் சொன்னதும் ரோஹித் சிரித்துவிட்டான். உங்கள் கையால் தின்ற அடையைப் பற்றி மருமகளிடம் ரொம்ப நேரம் சொல்லிக்கொண்டிருந்தான்.

வீட்டை விற்கிறீர்கள் என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். பதினேழு வருஷம் மாடியில் இருந்தோம். வாடகை வீடு என்று பிள்ளைகளிடம் நான் சொன்னதே இல்லை. ரோஹித்தும் மோகனப்பிரியாவும் அம்பத்தூரில் ஃபிளாட் வாடகைக்கு இருந்துகொண்டு தனி வீடு தேடுகிறார்கள். ஆனால் நீங்கள் சொன்ன விலை எங்களுக்கெல்லாம் எட்டாத உயரம்.

கோபித்துக்கொள்ளாதீர்கள். கேட்ட விலை இந்தக் காலத்தில் யாருக்கும் அப்படியே கிடைப்பதில்லை என்கிறான் ரோஹித். வீடும் பழசு. கொஞ்சம் விட்டுப் பிடித்தால் சீக்கிரம் முடியுமாம்.

ஒன்று கேட்கட்டுமா அக்கா? தெரிந்தவர்கள் யாராவது வந்து குறைத்துக் கேட்டால் கொடுப்பீர்களா, இல்லை தப்பாக நினைப்பீர்களா? சும்மாதான் கேட்கிறேன். மோகனப்பிரியாதான் கேட்கச் சொன்னாள். அவளும் சும்மாதான் கேட்டாள்.

முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஹேமா


பட்டாபிராம்
9.2.2025

அன்புள்ள ஹேமா,

சும்மா கேட்டதற்குச் சும்மா பதில் சொல்கிறேன். தெரிந்தவர்கள் நேரில் வந்து, என் எதிரில் உட்கார்ந்து, “எனக்கு இவ்வளவுதான் முடியும்” என்று கேட்டால் நான் மாட்டேன் என்றா சொல்வேன்? ஃபிளாட் போனால் போகிறது என்றுகூடத் தோன்றியிருக்கும். கேட்பதில் என்ன வெட்கம்?

ஆனால் இங்கே நடந்திருப்பது வேறு. நான்கு நாள் முன்பு விஜி என்று ஒரு புது புரோக்கர், அம்பத்தூர் ஆள், ஒரு பார்ட்டிக்காகப் பேச வந்தான். உள்ளே வா என்றேன், வரவில்லை. கேட்டில் நின்றபடி ஏகாம்பரத்திடம் சொன்னான். நான் ஜன்னல் வழியாக அவன் வாயைப் பார்த்தேன். “இது அடைப்பு ஊடாமே அண்ணாத்தே? ரூமைப் பூட்டாமயே பொழங்கினு இருந்தாங்களாமே? வெளியே தெரிஞ்சா எவன் வருவான்? பத்து லட்சம் கொறைச்சா பார்ட்டி ரெடி.”

ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்துவிட்டேன் ஹேமா. உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, எழுதினால் மனசு ஆறும் என்று எழுதுகிறேன். அவர் போன அன்று காலை, தேதி காலண்டரைப் பார்த்துவிட்டு நீதானே என் காதோரம் வந்து சொன்னாய்? திருவோணம் முடிந்து அவிட்டம் பிறந்துவிட்டது, அடைப்பு நட்சத்திரம், உயிர் போன அறையை ஆறு மாதம் பூட்டிவிடுவார்கள், இல்லையென்றால் குடும்பத்துக்கு ஆகாது என்று. நான் உன் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் படுத்த கட்டில், அவர் சட்டை தொங்கும் ஆணி, எல்லாவற்றையும் பூட்டிவிட்டு நான் எங்கே போய் அழுவேன் என்று கேட்டேன். நீ வாசலுக்குப் போய், குருக்களிடமும் சொந்தக்காரர்களிடமும் திருவோணத்திலேயே போய்விட்டார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னாய். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை. அந்த ஆறு மாதமும் அந்த அறையில்தான் படுத்திருந்தேன். அதனால்தான் இன்றைக்கு உயிரோடு இருக்கிறேன்.

இப்போது ஏகாம்பரம் சந்தோஷுக்கு போன் செய்து கேட்டுவிட்டான். அடுத்த பஸ்ஸில் வந்தான் பிள்ளை. “பெத்த புள்ள எங்கிட்டயே நேரத்த மாத்திச் சொன்னியாம்மா?” என்று கேட்டான். அந்த வருஷம்தான் அவன் பெண்டாட்டிக்குக் கரு கலைந்தது. அவன் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் சாப்பிட்டுவிட்டுப் போனான். கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு என்கிறான்.

அந்த அறைக்குள் போக இப்போது எனக்கே கூசுகிறது. நம் இருவரைத் தவிர அது யாருக்குத் தெரியும் ஹேமா? நான் யாரிடமும் சொல்லவில்லை.

தாட்சாயிணி


சேலம்
16.2.2025

அக்கா,

இந்தக் கடிதத்தை நான்கு முறை கிழித்துவிட்டேன். எப்படி எழுதினாலும் அசிங்கமாகத்தான் இருக்கிறது.

அந்தப் பார்ட்டி ரோஹித்தான்.

பொங்கலன்று உங்கள் கடிதத்தைப் படித்ததும் அவர்கள் முகம் மலர்ந்துவிட்டது. அந்த வீட்டை வாங்கலாம் என்று அவனே சொன்னான். எனக்கு உள்ளுக்குள் எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? கேட்ட விலையைக் கொடுத்துவிடலாம் என்றேன். லோன் அவ்வளவு வராது, குறைத்துக் கேட்போம் என்றான். அக்காவிடம் எப்படியடா குறைத்துக் கேட்பது, எனக்கு நாக்கு வராது என்றேன். நீ கேட்க வேண்டாம், ஆள் வைத்துக் கேட்கிறேன் என்றான்.

அதோடு நின்றிருக்கலாம். சாப்பிடும்போது மோகனப்பிரியா வீட்டைப் பற்றி அறை அறையாகக் கேட்டாள். உங்கள் வீட்டு அண்ணன் படுத்திருந்த அறையைச் சொன்னபோது, அவர் போன கதையையும் சொன்னேன். உங்கள் மேல் எனக்கு எவ்வளவு பாசம் பார், ஊரையே ஏமாற்றினேன் பார் என்று பெருமையடித்துக்கொண்டுதான் சொன்னேன். ரோஹித் கையில் எடுத்த சோற்றை வாயில் வைக்காமல், “அம்மா, இது போதும்மா” என்றான். எதற்குப் போதும் என்று எனக்கு அந்த நிமிஷமே புரிந்தது. வேண்டாமடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். ரசம் ஊற்றவா என்று கேட்டேன்.

அதற்குப் பிறகுதான் உங்களுக்கு அந்தக் கடிதம் எழுதினேன். எட்டாத விலை என்றும், விட்டுப் பிடியுங்கள் என்றும், சும்மாதான் கேட்கிறேன் என்றும். இப்போது அதை நினைத்தால் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. சந்தோஷ் உங்களை அப்படிக் கேட்டுவிட்டான் என்று படித்ததும் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ரோஹித்திடம் சண்டை போட்டுவிட்டேன். என் நகையை விற்றாவது எண்பத்தைந்தும் முழுதாகக் கொடுக்க வைக்கிறேன். நீங்கள் அந்த அண்ணனூர் ஃபிளாட்டை விட்டுவிடாதீர்கள். சந்தோஷுக்கு நானே போன் செய்து, பொய் சொன்னது நான்தான், அம்மா இல்லை என்று சொல்கிறேன்.

என்னைத் திட்டி எழுதுங்கள் அக்கா. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

ஹேமா


பட்டாபிராம்
24.2.2025

திருமதி ஹேமாவதி அவர்களுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. அந்தப் பார்ட்டி யார் என்று போன கடிதம் எழுதும்போதே எனக்குத் தெரியும். உள்ளே வந்து பார்க்காமலே விலை சொல்கிறவர் இந்த வீட்டில் வளர்ந்தவராகத்தான் இருக்க முடியும். நீங்களாகச் சொல்கிறீர்களா என்று பார்த்தேன். சொன்னீர்கள். அதற்கு நன்றி.

நேற்று விஜியை வரச்சொல்லி டோக்கன் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டேன். பத்து லட்சம் குறைத்துத்தான். முழு விலை எனக்கு வேண்டாம். உங்கள் நகையும் வேண்டாம்.

அன்று காலை எனக்காக ஒரு பொய் சொன்னீர்கள். அது அன்பு என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அன்புக்குத் திருப்பித் தர முடியாது என்று சும்மா இருந்துவிட்டேன். இப்போது உங்கள் மகன் அதற்கு விலை போட்டுவிட்டார். நியாயமான விலைதான், நான் குறைத்துக் கேட்க மாட்டேன். எடுத்துக்கொள்ளுங்கள். இதோடு நமக்குள் கொடுக்கல் வாங்கல் இல்லை.

ஃபிளாட்டை விட்டுவிட்டேன். ஓசூருக்கும் போகவில்லை. அண்ணனூரில் ஒரு வீட்டு மாடியில் ஓர் அறை வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. இனி நான் மாடிக் குடித்தனம். படி ஏறத்தான் பழக வேண்டும்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். பத்திரத்தில் எழுத முடியாதாம், வாய்ச்சொல் போதும். நீங்கள் இதை அடைப்பு வீடு என்று சொல்லி அடைப்பு விலைக்கு வாங்குகிறீர்கள். அதனால் குடி வந்த நாளிலிருந்து அந்த அறையை ஆறு மாதம் பூட்டி வையுங்கள். நான் செய்யாததை நீங்கள் செய்யுங்கள். அவருக்கும் அந்தக் குறை இல்லாமல் போகட்டும்.

இப்படிக்கு,
வீ. தாட்சாயிணி


பட்டாபிராம்
8.6.2025

தாட்சு அக்காவுக்கு,

உங்கள் முகவரி தெரியாததால் ஏகாம்பரத்திடம் கொடுத்து அனுப்புகிறேன். கொடுக்கிறேன் என்று சத்தியம் செய்திருக்கிறான். “ம்மா, அந்தம்மா வாங்குமான்னு மட்டும் நம்மளக் கேக்காத” என்றும் சொன்னான்.

வைகாசியில் பால் காய்ச்சினோம். நானும் சேலத்தை விட்டு இங்கேயே வந்துவிட்டேன். பதினேழு வருஷம் மாடியிலிருந்து இறங்கி வந்த படிதான், இப்போது கீழே நிற்கவே கால் கூசுகிறது. கிணற்றடியில் உங்கள் துணி துவைக்கிற கல்லை எடுக்கச் சொன்னார்கள், நான் விடவில்லை.

நீங்கள் சொன்னபடி அறையைப் பூட்டிவிட்டேன். ரோஹித் வீட்டிலிருந்து வேலை பார்க்க அந்த அறையைத்தான் கேட்டான். நாம்தானே அடைப்பு என்று சொன்னோம், அப்புறம் எப்படித் திறப்பது என்று கேட்டேன். ஹால் மூலையில் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். சாவி என் இடுப்பில் இருக்கிறது.

கண்ணம்மா வந்து பார்த்துவிட்டு, “இன்னா ஹேமாம்மா, புது ஊட்டுக்கு வந்துகினு ரூமைப் பூட்டி வெச்சிக்கீறே, யாருக்கு இன்னா ஆச்சு?” என்று கேட்டாள். வாய் தவறி, என் அக்கா போய்விட்டார்கள் என்று சொல்லிவிட்டேன். நல்லபடியாக இருக்கிற உங்களை அப்படிச் சொல்லிவிட்டேனே என்று அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள்.

கார்த்திகையில் ஆறு மாதம் முடிகிறது. அந்த அறையை யார் பூட்டினாலும், திறக்கும்போது இறந்தவருடைய மனைவி வந்துதான் பூட்டைத் திறக்க வேண்டும், அதுவரை எத்தனை வருஷமானாலும் திறக்கக் கூடாது என்று குருக்கள் சொல்லிவிட்டதாக ரோஹித்திடம் சொல்லியிருக்கிறேன். அவன் நம்பிவிட்டான்.

குருக்கள் அப்படி ஒன்றும் சொல்லவில்லை அக்கா. அவரை நான் பார்க்கவே இல்லை. உங்களுக்காக நான் சொல்லும் இரண்டாவது பொய் இது. இதை யாரிடமும் சொல்ல மாட்டேன்.

ஹேமா