மஞ்சள் வைத்த டாலர்

ஆகஸ்ட் 3, 2015, திங்கள்

ஆடிப்பெருக்கு. காலையிலேயே வெயில். கோமுகி அணைக்குப் போகிற கூட்டம், கச்சிராயபாளையம் ஸ்டாப்பில் ஏற்ற முடியவில்லை. அலமேலுவும் நம் வண்டியில்தான் வந்தாள். கண்டக்டர் பெண்டாட்டி ஓசியில் போகிறாள் என்று ஒருத்தன் வாயில் வரக்கூடாது என்று அவளுக்கும் டிக்கெட் போட்டேன், என் காசில். முறைத்தாள். அணையில் தாலிக்கயிறு மாற்றிக்கொண்டு திரும்புகையில் கழுத்தெல்லாம் புது மஞ்சள். நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

மதியம் மலேசியாவிலிருந்து, கிள்ளானிலிருந்து போன். பேசியது எங்கள் பையன் பிரகாசு இல்லை, அவனோடு தங்கியிருக்கும் பாலு, எலவனாசூர்கோட்டைப் பையன். பிரகாசு இரண்டாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்துவிட்டான். உயிருக்கு ஒன்றும் இல்லை. தொடை எலும்பு இரண்டாக. ஆபரேஷன் செய்து கம்பி வைக்க வேண்டும். வெளிநாட்டு ஆள் என்பதால் முன்பணம் கட்டினால்தான் தியேட்டருக்கே எடுப்பார்களாம். நாலாயிரம் ரிங்கிட், அந்த ஊர்ப் பணம். மூன்று வாரத்துக்குள் செய்யாவிட்டால் எலும்பு கோணலாகக் கூடிவிடும் என்று டாக்டர்.

கான்ட்ராக்டர் போனை எடுப்பதில்லை.

சாயங்காலம் வெள்ளிமலை டிரிப் போனேன். எத்தனை டிக்கெட் விட்டேன் என்று தெரியாது.

ஆகஸ்ட் 4, செவ்வாய்

யார் போவது? வீட்டில் பாஸ்போர்ட் இருப்பது அலமேலுவுக்கு மட்டும். பத்துமலை முருகனைக் காட்டுகிறேன் என்று போன வருடம் பிரகாசுதான் எடுக்கச் சொன்னான். எனக்கும் எடு என்றான். லீவு எவன் கொடுப்பான், போடா என்றேன். பெரிய இவன் நான்.

பணம் அனுப்ப முடியுமா என்று பேங்கில் கேட்டேன். அவனுக்கு அங்கே கணக்கு வேண்டும். வேலை பர்மிட்டு முடிந்து மூன்று மாதமாம், கணக்கு மூடிவிட்டார்கள். இது எங்களுக்கே இன்றுதான் தெரியும். டீக்கடையில் ஒருத்தன், உண்டியல்காரனிடம் இங்கே கட்டு, சாயங்காலமே அங்கே கையில் கிடைக்கும் என்றான். சட்டத்துக்கு விரோதம். மாட்டினால் பையனும் மாட்டுவான். வேண்டாம் என்றுவிட்டேன்.

அலமேலு கள்ளக்குறிச்சியைத் தாண்டித் தனியாகப் போனது திருவண்ணாமலை வரைக்கும்தான். “நான் போய்க்கினு வரேன், நீங்க அழாம இருங்க” என்கிறாள். நான் எங்கே அழுதேன்.

ஆகஸ்ட் 5, புதன்

தூறல். அடிவாரத்தில் மட்டும்.

மலைக்காரப் பெண் ஒன்று, சாமை மூட்டையோடு. நடுவில் டேப் ஒட்டின இருபது ரூபாயை நீட்டினாள். வேறு கொடு என்றேன். இல்லை என்றாள். இந்த மாதிரி நோட்டை வாங்கிப் போனால் ராத்திரி கணக்கில் முதலாளி என் பேட்டாவில் பிடிப்பான். இருபத்தெட்டு வருடமாகக் கிழிந்தது, எண்ணெய் பட்டது, பேனா கிறுக்கினது எதுவும் வாங்கியதில்லை. செக்போஸ்ட்டில் இறக்கிவிட்டேன். மூட்டையை அவளே இறக்கினாள். “இதுவும் ரூபாதானுங்களே” என்றாள், அவ்வளவுதான்.

இன்றைக்கு என் கோபம் அவள் மேல் இல்லை. இருந்தாலும் இறக்கிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, வெள்ளி

விற்றது: கறவை இரண்டும். அடகு: அலமேலுவின் சங்கிலி.
ஏஜென்ட்: விசா, போக வர டிக்கெட். அதிலேயே பாதி போச்சு.
மீதி கையில் எழுபத்தி இரண்டாயிரம்.

பஜார் ஜவுளிக்கடை பாய், அவர் மச்சான் பினாங்கில் இருப்பவர், விவரம் சொன்னார். நம் ரூபாயை ஆளுக்கு இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் எடுத்துப் போகக் கூடாது. மீதியை இங்கேயே, லைசென்ஸ் உள்ள கடையில், அந்த ஊர்ப் பணமாக மாற்ற வேண்டும். ரசீது வாங்க வேண்டும். “ரசீது முக்கியம் கண்டக்டரே, டிக்கெட்டு மாதிரி” என்றார். எனக்கே டிக்கெட் சொல்லித்தருகிறார்.

ஆகஸ்ட் 12, புதன்

சென்னை. வியர்வையில் சட்டை பிழிந்தெடுக்கலாம். பாஸ்போர்ட் அவள் பேரில் என்பதால் அவளும் வந்தாள்.

பணம் மாற்றும் கடை, ஏசி. கண்ணாடிக்குப் பின்னால் என் மகன் வயசில் ஒருவன். பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு, ஒவ்வொன்றும் நகல். பான் கார்டு அவளுக்கு ஏது? ஐம்பதாயிரத்துக்குக் கீழே என்றால் பரவாயில்லை, அதற்கு மேல் ரொக்கமாக வாங்கவே மாட்டோம், அவங்க பேங்க் கணக்கிலிருந்து வரணும் என்றான். நல்லவேளை, இருபத்தைந்தை ரூபாயாகவே வைத்தது போக மாற்ற இருப்பது நாற்பத்தேழாயிரம்தான். ஏழையாக இருப்பதில் இப்படி ஒரு வசதி.

ரிங்கிட் ஸ்டாக் இல்லையாம். நாளை மறுநாள் வரலாம், வராமலும் இருக்கலாம். டாலராக எடுத்துப் போங்க, உலகத்தில் எங்கே வேணா மாறும் என்றான். இன்னொரு தடவை சென்னை வந்துபோக நேரமில்லை. சரி என்றேன்.

நூறு டாலர் நோட்டு ஏழு. எல்லாம் சலவை நோட்டு. எண்ணினேன், பிரகாசின் கால் ஏழு காகிதத்தில் இருக்கிறது.

“இன்னாங்க இது, வெளுத்துப்போன கலரா இருக்குது” என்றாள் அலமேலு.

மடிக்காதீங்க, பேனா படாம பாத்துக்கோங்க, பின் அடிக்காதீங்க, அங்கே வாங்க மாட்டாங்க என்றான் பையன். யாரிடம் சொல்கிறாய் தம்பி, நான் நோட்டிலேயே பொழைக்கிறவன் என்றேன். சிரித்தான்.

ஆகஸ்ட் 14, வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. மேகம், மழை இல்லை. சாயங்காலம் வண்டி ஏற வேண்டும், நாளைக் காலை ஏர்போர்ட்.

பூஜையில் பாஸ்போர்ட், டிக்கெட், ஏழு நோட்டும் வைத்தோம். அலமேலு பாஸ்போர்ட்டுக்கு மட்டும் பொட்டு வைத்தாள், அட்டையின் மேலே. நோட்டுக்கும் வை என்றேன். நான்தான் சொன்னேன், எழுதி வைக்கிறேன். புது டிக்கெட் கட்டு வந்தால் வைக்கிறோம், வண்டிக்கு எப்.சி. முடிந்து வந்தால் வைக்கிறோம், போகிற காரியம் மங்களமாக முடிய வேண்டாமா? அவள் தயங்கினாள். நானே குழைத்து ஏழுக்கும் நாலு மூலையிலும் மஞ்சள், நடுவில் குங்குமம் வைத்தேன். மடிக்கவில்லை. பேனா படவில்லை. பின் அடிக்கவில்லை.

தையல் தெரிந்தவள், பாவாடையில் உள்பை தைத்திருக்கிறாள். அதற்குள் நோட்டு. இந்திய ரூபாய் கைப்பையில்.

ஆகஸ்ட் 15, சனி

ஏர்போர்ட் வாசலோடு சரி, உள்ளே விடவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலமேலு யாரோ ஒரு அம்மாவிடம் பேப்பரைக் காட்டி வழி கேட்டுக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் ஏதாவது கத்தியிருப்பேன்.

நாளை டூட்டிக்கு வராவிட்டால் வேறு ஆள் போட்டுக்கொள்கிறேன் என்று முதலாளி.

ஆகஸ்ட் 16, ஞாயிறு

மலையில் பனி மூட்டம். வெள்ளிமலை வரைக்கும் சிக்னல் கிடையாது, ஏழாவது வளைவில் மட்டும் இரண்டு கோடு வரும். இறங்கும்போது அந்த வளைவில் போன் சட்டைப்பையில் துள்ளியது. பதினோரு மிஸ்டு கால். டிரைவர் சாமிக்கண்ணுவிடம் வண்டியை ஓரங்கட்டச் சொன்னேன்.

பிரகாசைப் பார்த்துவிட்டாள். இளைத்திருக்கிறான், பேசுகிறான். ஆனால்:

“நோட்ட வாங்க மாட்றாங்க. மூணு கடை ஏறி எறங்கியாச்சி. கறையா கீதுன்றாங்க.”

வியர்வையில் குங்குமம் கரைந்து ஏழு நோட்டிலும் ஊறிவிட்டது. அமெரிக்காக்காரன் தலையே சிவப்பாம். மூன்றாவது கடைக்காரன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, இது நிஜமா என்று கேட்டிருக்கிறான்.

வண்டியில் நாற்பது பேர் என்னையே பார்க்கிறார்கள். ஈரத்துணியில் லேசாகச் சோப்பு போட்டுத் துடைத்துப் பார் என்றேன். கோடு போய்விட்டது.

ஆகஸ்ட் 17, திங்கள்

துடைத்தாள். குங்குமம் போகவில்லை, நோட்டு முழுக்க ரோஸாகப் பரவிவிட்டது. மஞ்சள் சோப்பில் பட்டு இன்னும் சிவந்துவிட்டதாம். இப்போது அந்த ஊர்க் கடைக்காரர்கள் கையிலேயே தொடுவதில்லை. பேங்கிலும் அலமேலு கேட்டாள்: கணக்கு உள்ளவர்களுக்குத்தான் மாற்றுவார்களாம், அதுவும் அமெரிக்காவுக்கு அனுப்பிப் பதில் வர ஆறு வாரம் எட்டு வாரம்.

நோட்டைக் கெடுத்தது நான். கழுவச் சொன்னதும் நான். இங்கேயிருந்துகொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தாலே பாதி உதவியாக இருந்திருக்கும்.

சென்னைக் கடைக்குப் போன் செய்தேன். சொன்னேனே சார் என்றான். நீ மஞ்சளைச் சொல்லவில்லையே என்றேன். அதெல்லாமா சார் சொல்லுவாங்க என்றான், மரியாதையாகவே.

நம் ரூபாயை மாற்றியதில் ஆயிரத்து நானூறு ரிங்கிட், கடைக்காரன் அடித்தது போக. பாலுவும் அவன் கூட்டாளிகளும் சேர்த்துக் கொடுத்தது எண்ணூறு. இன்னும் ஆயிரத்து எண்ணூறு. வியாழக்கிழமைக்குள் கட்டாவிட்டால் ஆஸ்பத்திரிப் படுக்கையைக் காலி செய்யச் சொல்கிறார்கள்.

பாயிடம் ஓடினேன். மச்சான் பினாங்கில் அல்லவா, கிள்ளானுக்கு ஐந்து ஆறு மணி நேரமாம், அதுவும் இப்போது ஊருக்கு வந்திருக்கிறாராம். மச்சான் உள்ளறையில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பாய்க்கே கண் கலங்கியது. ஒரு டீ சொன்னார். குடித்தேன்.

ஆகஸ்ட் 18, செவ்வாய்

இப்போதெல்லாம் சாமிக்கண்ணு ஏழாவது வளைவில் தானாகவே நிறுத்துகிறான். ஏறும்போதும் இறங்கும்போதும். ஒருவரும் ஏன் என்று கேட்பதில்லை. நான் இறங்கிப் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். இன்று ஏறும்போது போன் இல்லை. இறங்கும்போதும் இல்லை.

அடிவாரத்தில் அன்றைய சாமை மூட்டைப் பெண் ஏறினாள். நோட்டை இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினாள். புதுசு, மடிப்பே இல்லை. யாரிடமோ கேட்டு மாற்றி வைத்திருக்கிறாள்.

“இது ஆவுங்களா?”

வெட்கமாக இருந்தது. பார்க்காமலே வாங்கிப் பையில் போட்டேன். அன்றைக்கு இறக்கிவிட்டதற்கு ஏதாவது சொல்லலாம் என்று அவள் சீட்டுவரை போனேன், மூட்டையை உள்ளே தள்ளு என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் சோறு வடிக்கவில்லை. மாட்டுக் கொட்டகை காலி. பூஜை மாடத்தில் அன்றைக்குக் குழைத்த மஞ்சள் காய்ந்து கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டினேன், வரவில்லை.

ஆகஸ்ட் 19, புதன்

நல்ல மழை, கடைசியில். மலையே தெரியவில்லை. வைப்பர் வேலை செய்யவில்லை, சாமிக்கண்ணு தலையை வெளியே நீட்டி ஓட்டினான்.

ஏழாவது வளைவு. குடை இல்லாமல் இறங்கினேன். போன் அடித்தது.

பணம் கட்டியாகிவிட்டது என்றாள். நாளைக் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன். எப்படிக் கட்டினாய், எவனாவது அந்த நோட்டை வாங்கினானா என்றேன். இல்லை, ஏழும் அப்படியே பையில் இருக்கிறது என்றாள். கிள்ளானில் நம் ஆள் அடகுக்கடை ஒன்று இருக்கிறதாம். தாலி, குண்டு, லட்சுமிக்காசு எல்லாம் கழற்றித் தராசில் வைத்தாளாம். அவன் பாஸ்போர்ட்டைக் கேட்டான், பொட்டைத் துடைத்துவிட்டு நகல் எடுத்தான், பணத்தை எண்ணிக் கொடுத்தான். ஒரு கேள்வி இல்லை.

ஆடிப்பெருக்குக்கு மாற்றின கயிறு, பதினாறு நாள்தான் ஆகிறது. அலமேலு, அலமேலு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். மழையில் கேட்டதோ என்னவோ.

“வெறுங்கழுத்து இல்லீங்க. கயிறு இருக்குது. மஞ்சக் கெழங்கு வாங்கிக் கட்டிக்கினேன்” என்றாள். பிறகு சொன்னாள்: “இதுல எம்மாம் மஞ்ச ஊறுனாலும் யாரும் வேற குடுன்னு கேக்க மாட்டாங்க.”

சிரித்தாளா, என்ன செய்தாள் என்று தெரிவதற்குள் கோடு போய்விட்டது.

வண்டியில் ஏறிப் படிக்கட்டில் நின்றேன். விசில் வாயில்தான் இருந்தது, ஊத முடியவில்லை. சாமிக்கண்ணு கண்ணாடியில் என்னைப் பார்த்தான், வண்டியை எடுக்கவில்லை.