லூர்துவின் முகம்

இயேசு மரி சூசை துணை

செம்பாக்கம்
13-2-1993

அன்புள்ள மேரிக்கு,

சவுரிமுத்து எழுதுவது. எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. உன் கடிதம் கிடைத்தது. மஸ்கட்டில் குளிர் விட்டதா? நீ வேலை பார்க்கும் வீட்டுக்காரம்மா இப்போதாவது உன்னை வெள்ளிக்கிழமை பூசைக்கு அனுப்புகிறாளா?

இங்கே விசேஷம் ஒன்றுதான். ஏரிக்கரையில் முகாம் போட்டிருக்கிறார்கள். "மக்களோடும் இயற்கையோடும் ஒரு மாத முகாம், அனைவரும் வருக" என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனான். முகாம் என்றால் நமக்குத் தெரிந்தது கண் முகாமும் குடும்பக்கட்டுப்பாட்டு முகாமும்தானே. எனக்கும் பட்டறையில் போல்ட்டின் சின்ன மரை தெரியாமல் கண் மங்குகிறது. லீவு போட்டுவிட்டுப் போனேன். நம் தெருவே அங்கே வரிசையில் நிற்கிறது. பக்கத்து வீட்டு கங்கம்மா சாப்பிடாமல் வந்திருக்கிறாள். ஆபரேஷன் என்றால் வெறும் வயிறு வேண்டுமாம்.

உள்ளே பார்த்தால் எல்லாம் படம் வரைகிறவர்கள். எங்கெங்கிருந்தோ வந்து, நம் ஜனங்கள் வீட்டிலேயே தங்கி, ஏரி மண்ணையும் இலைச் சாற்றையும் கரைத்துப் படம் போடுவார்களாம். நாமும் கூட உட்கார்ந்து போடலாமாம். கங்கம்மா விடவில்லை. "படம்னா படம்னு சொல்றது. இன்னாத்துக்கு முகாமுனு கூவிகினு போனீங்க? காலீலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்று ஒரே சண்டை. கடைசியில் அவர்களே இட்லி வாங்கிக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து இட்லிக்காகவே போகிறாள் என்று தெருவில் பேச்சு. சிரிப்பு வர வேண்டிய விஷயம். எனக்கு வரவில்லை, உனக்காவது வரட்டும் என்று எழுதுகிறேன்.

நம் பிள்ளை லூர்து கடைசியில் எப்படி இருந்தான் என்று ஒவ்வொரு கடிதத்திலும் கேட்கிறாய். நீ பிளேன் ஏறும்போது அவனுக்கு ஐந்து வயது. காய்ச்சலில் போகும்போது ஏழு. நடுவில் இருந்த முகத்தை நீ பார்க்கவே இல்லை. வீட்டுக்காரம்மா பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உன்னை அடக்கத்துக்கும் விடவில்லை. போட்டோவும் இல்லை. பள்ளிக்கூடத்து குரூப் போட்டோவில் முன்னால் நிற்கிறவன் தலை இவனை மறைத்துவிட்டது. அடக்கத்தன்று பெய்த மழையில் ஸ்டுடியோக்காரன் வரவில்லை.

அதனால் முகாமில் இருந்த ஒரு அம்மாவிடம் கேட்டேன். பெயர் அபிதகுஜாம்பாள், கும்பகோணத்துப் பக்கம். நம்மவர்கள் வாயில் நுழையாமல் படத்தம்மா ஆக்கிவிட்டார்கள். கங்கம்மா வீட்டில்தான் தங்கியிருக்கிறார். ஆள் முகம் வரைகிறவர் இல்லை, ஏரியைத்தான் வரைகிறார். விஷயத்தைச் சொன்னதும் ஒப்புக்கொண்டார்.

நெற்றி எப்படி, மூக்கு எப்படி என்று கேட்டார். எனக்குச் சொல்ல வரவில்லை, மேரி. போல்ட்டைப் பார்த்தாலே அளவு சொல்கிறவன், பெற்ற பிள்ளையின் மூக்கைச் சொல்லத் தெரியாமல் நின்றேன். துக்கத்தில் வரவில்லை என்று நினைக்காதே. துக்கம்கூட இல்லை. உள்ளே எல்லாம் மரத்துப்போய்க் கிடக்கிறது. சாப்பிடுகிறேன், வேலைக்குப் போகிறேன், தூங்குகிறேன். அழுதுகொண்டே பாத்திரம் கழுவுவதாக நீ எழுதியிருந்தாய். அதைப் படித்து உன்மேல் பொறாமைப்பட்டேன்.

கங்கம்மாதான் வழி சொன்னாள். "புள்ள அப்டியே அவங்கம்மாவ உரிச்சி வச்சிகினு இருந்துச்சி" என்றாள். உடனே படத்தம்மா உன் போட்டோவைக் கேட்டார். பாஸ்போர்ட்டுக்கு எடுத்ததில் ஒன்று பெட்டியில் மிச்சம் இருந்தது. அதைப் பார்த்து ஏரி மண்ணில் வரைய ஆரம்பித்தார். போகிறவர் வருகிறவர் எல்லாம் நின்று திருத்தினார்கள். ஸ்கூல் டீச்சர் வந்து கன்னத்தைக் குறைக்கச் சொன்னார். கங்கம்மா முன்பல்லை எடுக்கச் சொன்னாள். ஆமாம் மேரி, அவனுக்கு முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. உனக்கு எழுத விட்டுப்போயிருக்கிறது.

நேற்றுப் போய்ப் பார்த்தேன். கண்ணும் வாயும் லூர்துதான். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. ஆனால் படத்தில் காது இல்லை. அந்தப் போட்டோவில் நீ காதை மூடித் தலை சீவியிருக்கிறாய். பிள்ளைக்குக் காது ஒட்டியிருக்கும் என்கிறாள் கங்கம்மா. விடைத்திருக்கும் என்கிறார் டீச்சர். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியவில்லை. சரி, உங்கள் மனைவிக்குக் காது எப்படி இருக்கும், அதைச் சொல்லுங்கள் என்றார் படத்தம்மா. அத்தனை வருஷம் உன் பக்கத்தில் படுத்தவன் நான். அதுவும் எனக்குத் தெரியவில்லை.

காதைப் பற்றி எழுதி அனுப்பு என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். மாசக் கடைசியில் முகாம் முடிந்து படத்தம்மா ஊருக்குப் போகிறார். உன் பதில் அதற்குள் வந்து சேராது. நீயே வருவதாக இருந்தால் இன்னும் கொஞ்ச நாள் கங்கம்மா வீட்டில் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். வீட்டுக்காரம்மா காலில் விழுந்தாவது பாஸ்போர்ட்டைக் கேட்டுப் பார், மேரி. சம்பளம் போனால் போகட்டும். வந்து, காது தெரியத் தலையை ஏறக்கட்டி முடிந்துகொண்டு அவர் எதிரில் உட்கார். நானும் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். இந்தத் தடவை நன்றாகப் பார்த்து வைத்துக்கொள்கிறேன்.

மாதா உன்னைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

இப்படிக்கு,
உன் சவுரி