குங்குமப் பொட்டு வைத்த கராபினர்

5 ஒக்டோபர் 2024, சனி

வீட்டுக்கு மூன்றாவது ஆள் வந்துவிட்டார். பெயர் கராபினர் முப்பத்தொன்று. வயது எண்பத்திரண்டு, சுவிஸ் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் இங்கே துவக்கு, துப்பாக்கி எதுவும் வாங்க முடியாது. சுவிஸின் சிவப்புக் கடவுச்சீட்டு கிடைத்து மூன்று மாதம்கூட ஆகவில்லை, என் கணவர் வாங்கிவிட்டார். வெடிச் சத்தத்துக்குப் பயந்து நாட்டைவிட்டு ஓடிவந்த மனுஷன்.

"என்ன விசரோ?" என்றேன்.

"இது துவக்கில்லை சுமி, சரித்திரம்."

சரித்திரத்தை என் சோபாவில் கிடத்தியிருக்கிறார்.

7 ஒக்டோபர்

இன்று எனக்குப் பாடம். உடல், பூட்டு, தோட்டாக் கூடு எல்லாவற்றிலும் ஒரே இலக்கம் இருந்தால் குலம் கோத்திரம் சரியாம். என்னைக் கட்டும்போது இவ்வளவு நேரம் பொருத்தம் பார்க்கவில்லை.

பிறகு மரப்பிடியின் அடித்தகட்டைக் கழற்றினார். உள்ளே மடித்த கடதாசி: முன்பு துவக்கை வைத்திருந்த சிப்பாயின் பெயர், பிறந்த ஆண்டு, ஊர். அப்படி எழுதி வைப்பது அவர்கள் வழக்கமாம். தேவாரம் படிப்பதுபோல எழும்பி நின்று வாசித்தார். நான் சிரித்துவிட்டேன்.

11 ஒக்டோபர், வெள்ளி

சரஸ்வதி பூசை. இவர் ஆஸ்பத்திரிக் குசினியில், வேலையில். கத்தி, தையல் மெஷின், வக்கியூம் மெஷின் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தேன். வீட்டில் உண்மையான ஆயுதம் ஒன்று இருக்க, ஆயுத பூசையில் அதை விடலாமா? மரப்பிடியில் வடிவாக ஒரு பொட்டு.

வந்து பார்த்துவிட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டு இருந்தார். எண்பத்திரண்டு வருடம் எண்ணெய் குடித்த மரம் குங்குமத்தையும் குடித்துவிட்டது. துடைத்தால் இன்னும் சிவக்கிறது. என்னில்தான் பிழை. அதைச் சொல்லாமல் அவலும் கடலையும் கொண்டுவந்து வைத்தேன்.

23 நவம்பர்

எங்கள் ஊர் சோலோதுர்னில் பழைய துவக்குச் சேகரிப்பவர்களுக்கு ஒரு சங்கம். இவர் விண்ணப்பித்திருக்கிறார். இருபத்தாறு வருடம் இந்த ஊரில் சமைத்துப் போட்டாச்சு, ஒரு மேசையிலாவது அவர்களோடு இருக்க வேண்டுமாம். அதைக் கேட்டபோது மட்டும் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இன்று துவக்கைக் கொண்டுபோய்க் காட்டினார். ஆளைச் சேர்ப்பதா விடுவதா என்று தீர்மானிப்பவர் ஹெர் ஸ்டூடர், சங்கத்தின் மேதை. என் பொட்டைப் பூதக்கண்ணாடியால் பார்த்து, போர்க்காலப் பட்டறை ஒன்றின் பரிசோதனை அடையாளம், மிக அரிது என்றாராம்.

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"யா, யா எண்டன்."

18 ஜனவரி 2025

சங்கச் சஞ்சிகையில் என் பொட்டைப் பற்றி முழுப் பக்கம், படத்தோடு. எங்களுக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைக்க இருபத்தாறு வருடம். என் குங்குமத்துக்கு மூன்று மாதம்.

19 ஜனவரி

இவர் சாப்பிடவில்லை. "பொய் சொல்லிப்போட்டு அந்த மேசையில இருக்கேலாது சுமி."

"முதல்ல சேர்க்கட்டும், பிறகு சொல்லுங்கோ" என்றேன். இவ்வளவு நாளும் நையாண்டி பண்ணியவள் நான். இப்போது இவருக்கு அந்த இடம் போய்விடுமோ என்று பயப்படுகிறவளும் நான்.

15 மார்ச்

சங்கத்தின் பொதுக்கூட்டத்தில் எழும்பிச் சொல்லிவிட்டார் — அது பூசைப் பொட்டு, மனைவி வைத்தது என்று. ஒருவரும் கோபிக்கவில்லை, நம்பவும் இல்லை. கோபித்திருந்தால்கூடப் பரவாயில்லை. ஹெர் ஸ்டூடர் தோளில் தட்டி, "நீங்கள் இதற்குப் புதியவர், இப்படியானதை எங்களிடம் விட்டுவிடுங்கள்" என்றாராம்.

வைச்சவள் நான். என்ர விரல். விரலுக்குத் தெரியாதது அந்த ஆளின்ர கண்ணாடிக்குத் தெரிஞ்சிட்டுதோ?

2 ஏப்ரல்

சங்கத்தின் கடிதம் வந்தது. போதிய அனுபவம் இல்லை, அடுத்த வருடம் பார்ப்போம்.

1 ஒக்டோபர் 2025, புதன்

சரஸ்வதி பூசை. இந்த முறை துவக்கைத் தொடுவதில்லை என்றுதான் குங்குமச் சிமிழை எடுத்தேன். இவரோ துவக்கை மடியில் வைத்து அடித்தகட்டைக் கழற்றிக்கொண்டிருந்தார். சிப்பாயின் கடதாசிக்குப் பக்கத்தில் இன்னொன்று வைக்கப் போகிறார். வாங்கிப் பார்த்தேன். பிழையில்லாத ஜெர்மனில் தன் விபரம்: தவராஜா, பிறப்பு 1971, சமையல்காரர், சோலோதுர்ன். சிவப்புப் பொட்டு: மனைவி சுமித்ரா வைத்தது, ஆயுத பூசை, 11.10.2024.

"இதை ஆர் பாக்கப் போகினம்?"

"எப்பவாவது ஒரு ஸ்டூடர் கழட்டுவான். வாயால சொன்னால் நம்பமாட்டினம். இதுக்குள்ள கிடந்தால் நம்புவினம்."

சிரிக்கத்தான் வாய் திறந்தேன். அழுகை வந்துவிட்டது.

"பொட்டு மங்கிப் போச்சு, அதே இடத்தில வையும்" என்று பிடியை என் பக்கம் நீட்டினார். வைத்தேன். பிறகு கடதாசியில் இன்றைய திகதியையும் எழுதச் சொன்னேன்.